திருகோணமலையில் ஓடுகிறவர்கள் கேட்பவை: வேகம், வெக்கை, கால் வலி

காலை ஐந்தேகால் மணிக்கு டச் பே கடற்கரையில் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். பயிற்றுநரும் இல்லை, வைத்தியரும் இல்லை. சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது என்று டொக்டர் சொன்னதால் 41 வயதில் ஓடத் தொடங்கினேன். ஒரு தடவை கெண்டைக்கால் தசையைக் கிழித்துக்கொண்டு ஒன்றரை மாதம் நொண்டினேன். அப்புறம்தான் ஒழுங்காக வாசித்து, கேட்டுக் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டே பதில் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்பதால் எழுதி வைத்திருக்கிறேன். (ஓடும்போது பேச முடிய வேண்டும் என்று நானே கீழே எழுதியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.)

அண்ணா, ஆறு மாதமாக ஒருநாள் விடாமல் ஓடுகிறேன். 5 கிலோமீட்டர் 35 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. என்ன பிழை?

ஒவ்வொரு நாளும் எப்படி ஓடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் அநேகமாக எல்லோரும் சொல்வது: "ஏலுமான அளவு வேகமாக." பிழை அங்கேதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். நேற்று 34 நிமிடம் 20 செக்கன் என்றால் இன்று 34:10. அது கிடைக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். இப்படி ஓடுவது ஓர் இரண்டுங்கெட்டான் வேலை. உண்மையான வேகப் பயிற்சிக்கு அது போதாது, உடம்பு தேறுவதற்கோ அது கூடிப்போய்விடும். கால் எப்போதும் அரைக் களைப்பிலேயே கிடக்கும்.

மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போதுதான் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கத் தசை பழகுகிறது. இதெல்லாம் ஓடி முடித்த பிறகு, சாப்பிட்டுத் தூங்கும்போது கட்டப்படுகிற வேலை. கட்டுவதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்த நாளும் இடித்தால் எங்கே கட்டுவது? வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆறுதலாகவும், மீதி ஒரு பங்கு உண்மையிலேயே வேகமாகவும் இருக்கட்டும். பெரிய ஓட்டக்காரர்களின் பயிற்சியும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் போகிறது. அவர்களே அப்படி என்றால் நாங்கள் எந்த மூலைக்கு?

ஆறுதலாக என்றால் எவ்வளவு ஆறுதலாக?

வெட்கப்படும் அளவுக்கு. உங்கள் 5 கிலோமீட்டர் 35 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம். ஆறுதல் ஓட்டத்தில் அது எட்டு, எட்டேமுக்கால் நிமிடம் வரை போகலாம். மணிக்கூட்டை விட நம்பகமானது வாய். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் நடந்த சண்டையை முழு வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா? சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருக்கிறதா? குறையுங்கள். மேடு வந்தால் நடந்தாலும் குற்றமில்லை.

நான் வேகத்தைக் குறைத்த முதல் வாரம் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அதற்கு முந்திய மாதம் அதே ஆள் கேட்டது, "ஆரும் துரத்துறாங்களோ?" அன்றைக்கு நின்று அவர்கள் இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். இடுப்பில் கட்டிய பட்டியைக் கயிற்றில் கொளுவி, பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலடி, இன்னொரு காலடி. கயிறு கரைக்கு வந்ததும் கடைசியில் நிற்பவர் பட்டியைக் கழற்றிக்கொண்டு நடந்துபோய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் திரும்பவும் கொளுவுகிறார். அந்த நடைதான் அவருக்கு ஓய்வு. ஒருவருக்கும் அவசரமில்லை. மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். வலை மடி கரையை நெருங்கும்போது மட்டும் சத்தம் போட்டு ஒரே மூச்சாக இழுக்கிறார்கள்.

அப்போ வேகமாக ஓடுவது எப்போது?

வாரத்தில் ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும். மூன்று விதமாகச் செய்கிறோம்.

முதலாவது, ஆறுதல் ஓட்டத்தின் முடிவில் 20 செக்கன் விரைவோட்டம், ஐந்தாறு தடவை. முழு வேகம் வேண்டாம், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை விடச் சற்றுக் குறைவு. நடுவில் மூச்சு அடங்கும் வரை நடை. இதில் களைப்பே வராது, ஆனால் கால் வேகமாக எடுத்து வைக்கப் பழகும். புதியவர்கள் இரண்டு மாதம் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, உவர்மலை ஏற்றம். 45 செக்கன் மேலே ஓடி, இறங்கும்போது நடந்து, ஆறு தடவை. ஏற்றத்தில் பாதம் தரையில் விழும் அதிர்ச்சி குறைவு, தசைக்கு வேலை கூட. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியும் நல்ல ஏற்றம்தான். ஆனால் அது கும்பிடப் போகிறவர்களின் பாதை. வெள்ளிக்கிழமையில் அங்கே வேகம் பார்ப்பது அழகில்லை.

மூன்றாவது, மட்டமான இடத்தில் இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவோட்டம், ஐந்தாறு சுற்று. கடைசிச் சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே இருக்க வேண்டும். கடைசியில் இழுபட்டால் தொடக்கத்தில் கூடிவிட்டது என்று அர்த்தம். 2009ல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம், அதாவது மைதானத்தின் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர்தான் குறைவு. அங்கே ஓடும் கிண்ணியா நண்பர்களுக்கு மணிக்கூட்டின் ஜிபிஎஸ் கூடத் தேவையில்லை. வாகனம் குறைந்த விடியலில், ஓரமாக மட்டும்.

எங்களில் பலருக்குச் சரிவரும் வாரம் இதுதான்: செவ்வாய் 40 நிமிடம் ஆறுதலாக, முடிவில் விரைவோட்டம். வியாழன் ஏற்றம் அல்லது சுற்றுகள். சனி அரை மணி நேரம் மிக மெதுவாக. ஞாயிறு நீண்ட ஓட்டம். மீதி மூன்று நாளும் ஓட்டம் இல்லை. அவற்றில் ஒரு நாள் வீட்டு வாசல் படியில் நின்று குதிக்காலைத் தூக்கி இறக்குவது, குந்தி எழும்புவது என்று 20 நிமிடம் செலவழித்தால் கெண்டைக்கால் நன்றி சொல்லும். நான் அதைச் செய்யாமல் விட்டதால்தான் கிழிந்தது.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். அங்கே 5 கிலோமீட்டர் 28 நிமிடம். இங்கே 33 நிமிடம், அதுவும் நாக்குத் தள்ளுகிறது. உடம்பு பழுதாகிவிட்டதா?

இல்லை, ஓகஸ்டில் திருகோணமலைக்கு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வெக்கையில் உடம்பைக் குளிரவைக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடுகிறது, தசைக்குக் கிடைப்பது குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்து விழுகிறது. காய்ந்தால்தான் அது உடம்பைக் குளிர்த்தும்.

உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடி, வியர்வை முன்கூட்டியே தொடங்கப் பழகும். அதுவரை மணிக்கூட்டைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். முதல் நாலைந்து நாள் 20, 25 நிமிடம் போதும். பழகி முடியும்போது உங்கள் லீவும் முடிந்துவிடும். அது வேறு கவலை.

இதே காரணத்தால் எங்கள் ஆட்களும் ஜூன் மாத நேரத்தை ஜனவரி நேரத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, அதே பாதை, அதே மணி என்று பாருங்கள். வாடைக் காலத்தில் (மாரி மழைக் காலம்) ஓடும் ஆளும் கச்சான் காலத்தில் (வெக்கையான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள்) ஓடும் ஆளும் வேறு வேறு ஆட்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எத்தனை மணிக்கு ஓடலாம்?

ஆறு மணிக்கு முன் பாதித்தூரம் முடிந்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் சூரியன் ஆறுக்கு முன்பே எழும்பிவிடும், ஏழு மணி வெயில் ஒன்பது மணி வெயில் மாதிரி இருக்கும். மாலையில் ஓடினால் தார் வீதி விட்ட சூடு முகத்தில் அடிக்கும். காற்றில் இன்னொரு தந்திரம் இருக்கிறது: முதுகில் தள்ளும்போது சுகமாகப் போய்விடுவீர்கள், திரும்பி வரும்போதுதான் கணக்குக் கேட்கும். அதனால் எதிர்காற்றில் போய், காற்றோடு திரும்புங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: எங்களுக்கு நிலக்கடலையும் கச்சான்தான். இது காற்று.

கடற்கரை மணலில் ஓடினால் கால் பலப்படும் என்கிறார்களே?

பலப்படும், அளவோடு என்றால். கால் புதையும் மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அதனால் அதை ஆறுதல் ஓட்டம் என்று எண்ண வேண்டாம், ஏற்றம் ஓடிய கணக்கில் வையுங்கள். நிலாவெளிப் பக்கம் ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கரை கடலை நோக்கிச் சரிவு. ஒரே பக்கமாக நாலு கிலோமீட்டர் போனால் இடுப்பும் முழங்காலும் கோணும், ஆகவே போன தூரம் திரும்பியும் கரையிலேயே வாருங்கள். முதல் தடவை வெறுங்காலில் 10 நிமிடம் போதும். கரைவலைக் கயிறு இருட்டில் தெரியாது. தடக்கி விழுந்தவன் சொல்கிறேன்.

ஓடிய மறுநாளை விட அதற்கடுத்த நாள் தொடை கூட வலிக்கிறது. லக்ரிக் அமிலம் தேங்கிவிட்டதா?

இந்தக் கதையை என்னுடைய பள்ளிக்கூடக் காலத்திலேயே கேட்டிருக்கிறேன். லக்ரேற் ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும், தசை அதை எரிபொருளாகவே பாவிக்கிறது. இரண்டாம் நாள் வலிக்குக் காரணம் பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் வந்த நுண்ணிய சேதமும், அதைத் திருத்தும்போது வரும் அழற்சியும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். இறக்கத்தில் ஓடினால் இன்னும் கூடுதலாக வரும். கால் நீட்டிப் பயிற்சி செய்தாலும் இந்த வலி பெரிதாகக் குறையாது. நடங்கள், சைக்கிள் மிதியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். ஏழு எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாகக் கடையில் விற்கும் ஒன்றையும் நான் காணவில்லை.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் கால் வலி போகுமா?

ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் "கன்னியாவுக்கு விடுவமா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று கதை. எங்கள் ஆட்கள் இன்றும் அந்தக் கடன் செய்யப் போகும் இடம். அதனால் சத்தம் போட்டுக் கும்மாளமடிக்க வேண்டாம் என்பது முதல் விஷயம்.

வெந்நீர் தசையை இளக்கும், வலி தணிந்த மாதிரி இருக்கும், அது பொய்யில்லை. தசை அதனால் சீக்கிரம் ஆறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேரம்தான் முக்கியம். 15 கிலோமீட்டர் வெயிலில் ஓடி, தண்ணீர் வற்றிய உடம்போடு நேரே போய்ச் சுடுதண்ணீரை ஊற்றினால் இரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்து பிரஷர் விழும். எங்களில் ஒருவர் நான்காவது வாளியோடு கண் இருண்டு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். நல்ல காலம், பக்கத்தில் ஆள் இருந்தது. ஓடிய அன்று வீட்டுக் கிணற்றடிப் பச்சைத்தண்ணீர்தான் சரி. கன்னியாவை மறுநாள் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

வேண்டாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வியர்த்து வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமை. நிற்கச் சொல்லும் வலியையும் மூடிவிடும். தைலம் பூசுவது தோலுக்கு ஒரு குளிர்ச்சி, ஒரு நிம்மதி. அதில் தவறில்லை, அதற்கு மேல் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது, குடிப்பது?

ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் புறப்படும்போது ஒரு கதலிப்பழம். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் ஓடும்போதே கொஞ்சம் இனிப்பு வேண்டும். ஜெல் விலைக்கு எனக்கு மனம் வரவில்லை. பனங்கட்டியை நாலு துண்டாக உடைத்துக் கடதாசியில் சுற்றிப் பொக்கற்றில் வைக்கிறேன். அரை மணிக்கு ஒரு துண்டும் இரண்டு மிடறு தண்ணீரும்.

எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடம்பு நிறையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் போயிருக்கிறது. ஒரேயடியாகக் குடிக்காமல், தாகத்துக்கு ஏற்ப அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குடியுங்கள். நிறை கூடி வந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அது இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும். செவ்விளநீர் அருமையான பானம். ஆனால் அதில் பொற்றாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் கொஞ்சம். அதனால் கூடவே உப்புள்ள சாப்பாடு வேண்டும். வெயிலில் மிக நீண்ட ஓட்டம் என்றால் ஜீவனிப் பைக்கற்றை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு.

சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் குழம்பும் இருக்கையில் புரதப் பவுடர் எதற்கு? ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். இரண்டு முட்டை, ஒரு துண்டுச் சூரை, ஒரு கிண்ணம் பயறு, கணக்குச் சரி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் ஓடாமல், இனிப்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

நோன்பு காலத்தில் பயிற்சியை விடுவதா?

மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள எங்கள் நண்பர்கள் விடுவதில்லை, மாற்றிக்கொள்கிறார்கள். ஆறுதல் ஓட்டம் என்றால் நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்தில். ஓடி முடிய பாங்கு, தண்ணீர், பேரீச்சம்பழம். வேகப் பயிற்சி என்றால் நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார்கள். அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியில் தண்ணீர், உப்பு, அரிசி, இறைச்சி எல்லாம் ஒரே கோப்பையில் இருக்கிறது. ஓடிய உடம்புக்கு அதை விடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை.

எந்த வலிக்கு நிற்க வேண்டும், எந்த வலியோடு ஓடலாம்?

இரண்டு தொடையும் ஒரே மாதிரி இறுகி, ஓட ஓட இளகினால் ஓடலாம். ஒரு பக்கம் மட்டும், ஓட ஓடக் கூடி, நடையை மாற்றும் வலி என்றால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை விட்டு நடந்து திரும்புங்கள். முன்காலெலும்பில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் நோவு, இரவிலும் நோவு என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், டொக்டரைப் பாருங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிக்காலில் குத்தினால் பாதத்து அடித்தசைநார். தூரத்தைக் குறைத்து, கெண்டைக்காலைப் பலப்படுத்த மெல்லத் தணியும், மாதங்கள் எடுக்கும்.

நெஞ்சில் இறுக்கம், ஓடும்போது மயக்கம், கோலா நிறத்தில் சிறுநீர்: இவற்றுக்கு நாளைக்கு என்று பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரி. வெயிலில் ஓடும் ஒருவர் பேச்சுத் தடுமாறி, நடை தள்ளாடினால் உடனே நிழலில் இருத்தித் தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

காய்ச்சல் விட்டு எத்தனை நாளில் ஓடலாம்?

சாதாரணத் தடிமல் என்றால் உடம்பு தெளிந்த மறுநாள் நடை, அப்புறம் ஓட்டம். காய்ச்சலோடு ஒருநாளும் ஓட வேண்டாம். இங்கே மழை விட்ட மாதங்களில் டெங்குவை நினைத்துக்கொள்ள வேண்டும்: பனடோலை (பரசிற்றமோல்) தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், இரத்தப்போக்குக்கு இடமுண்டு. இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தம் சோதியுங்கள். டெங்கு வந்து தேறியவர் பல வாரம் களைப்பாக இருப்பார். என் தம்பி ஆறு வாரம் நடையோடு நின்றான்.

அக்காமாரும் வருகிறார்களா? களைப்புத்தான் எனக்குப் பிரச்சினை.

வருகிறார்கள், இருட்டில் தனியாக இல்லை, நாலு பேராக. களைப்புக்குப் பதில் என் மனைவி சொன்னது: முதலில் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ. மாதவிடாயில் போவது போதாதென்று சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் எங்களுக்கு. தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கோ, முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கோ. உள்ளாடை சரியாக இல்லாமல் சப்பாத்துக்குக் காசு செலவழிக்கிறதில் பிரயோசனம் இல்லை.

கட்டாக்காலி நாய்களுக்கு என்ன செய்வது?

ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடுகிறதைத்தான் அது துரத்தும். குனிந்து கல் எடுப்பது போல் காட்டினாலே பெரும்பாலும் விலகிவிடும். கடித்தால், கீறினாலும் கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். மாடுகள் வீதியில் படுத்திருந்தால் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். கோட்டை மான்கள் ஒன்றும் செய்யாது, ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

மார்கழி மழையில் சப்பாத்து நனைந்துகொண்டே இருக்கிறது.

உள்மட்டையைக் கழற்றி, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பேப்பரை மாற்றுங்கள். வெயிலிலும் அடுப்படியிலும் வைத்தால் பசை விட்டுப்போகும். இரண்டு சோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். கடல் தண்ணீரில் நனைந்தது என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பேப்பர்.